ஆறாவது கல்

மகள்: உள்ள போப்பா.

அப்பா: இரு... செருப்பு வாரு கழண்டுக்கிச்சு.

மகள்: மூணாவது தடவையா அதே வார மாட்டறே. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து அவங்க பாத்துக்கிட்டே இருக்காங்க.

அப்பா: பாக்கறாங்களா? எப்படிப் பாக்கறாங்க? கோவமாவா?

மகள்: கண்ணுல லென்ஸ சொருகிக்கிட்டுப் பாக்கறாங்க. அந்த மூஞ்சியில கோவம் எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?

அப்பா: நாளைக்கு வரலாமா... கடையில ரெண்டு சட்டைக்குக் காலர் வைக்கணும்...

மகள்: காலரெல்லாம் ஓடிப்போகாது. காலைல பொத்தான் டப்பாவுக்குள்ள கைய விட்டா கல்லு வருது! என் கல்யாண மோதிரத்துக்குன்னு நீ இந்தக் கல்லுக் கடையிலேர்ந்து பாக்கறதுக்கு வாங்கிட்டு வந்த கல்லு. திருப்பிக் குடுத்தாச்சுன்னு சொன்னே. அப்ப அவங்ககிட்ட குடுத்தது என்ன?

அப்பா: ...தான்.

மகள்: காதுல விழல.

அப்பா: பொத்தான்! ஓட்டல் வாசல்ல கதவு திறந்துவிடுவாரே, அவரு தைக்கக் குடுத்த கோட்டுப் பொத்தான். மஞ்சக் கண்ணாடி. அன்னைக்குன்னு பாத்து கரண்ட் இல்ல, மூக்குக்கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல, கைக்கு அகப்பட்டதப் பொட்டலத்துல மடிச்சுட்டேன், மறுநாள்தான் தெரிஞ்சுது. வேணும்னு செய்வனா நான்?

மகள்: வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும். மறுநாளே தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தே பாரு, அதத்தான் கேக்கறேன்.

அப்பா: கல்ல அமுக்கிட்டு பொத்தான வச்சுட்டான்னு நெனைச்சுட்டா? வேற யாராவது நெனைச்சா போயிட்டுப் போகுது. இவங்க நெனைச்சா...

மகள்: இவங்க நெனைச்சா?

அப்பா: கதவு திறக்குது, பேசாம வா.

லென்ஸ்காரம்மா: வாங்க தையல்காரரே. அரைமணி நேரமா வாசல்ல நின்னுக்கிட்டு என்ன யோசனை? உங்களப் பாத்து நாப்பத்திரெண்டு நாள் ஆச்சு.

மகள்: எண்ணி வச்சிருக்கீங்களா ஆன்ட்டி!

லென்ஸ்காரம்மா: கல்லுக் கடைம்மா இது. எண்ணாம எதையும் வைக்கிறதில்ல. நீதான் கல்யாணப் பொண்ணா? நாற்காலியில இருக்கற அந்தப் பூனைய இறக்கி விட்டுட்டு உக்காரு. உன் விரல் எப்படி இருக்கும், நகம் எப்படி இருக்கும்னெல்லாம் எனக்கு மனப்பாடம். உங்கப்பா ஆறு கல்லு எடுத்துட்டுப் போயி ஆறையும் திருப்பிக் கொண்டு வந்தவராச்சே. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கனவு.

மகள்: கனவா?

லென்ஸ்காரம்மா: அதுதான் எங்க கடை வழக்கம். கல்ல எடுத்துட்டுப் போயி மூணு ராத்திரி தலகாணிக்கு அடியில வச்சுப் பாக்கணும். கெட்ட கனவு வந்தா திருப்பிக் குடுத்துடலாம், ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டோம். உங்கப்பா மட்டும்தான் ஏன் எதுக்குன்னு உக்காந்து சொல்லிட்டுப் போவாரு. முதல் கல்லுக்கு, கத்திரிக்கோல் நூலத் தின்னுடுச்சாம். ரெண்டாவதுக்கு, தலை நுழைய ஓட்டை இல்லாத சட்டை.

அப்பா: பழசெல்லாம் இப்ப எதுக்குங்க...

லென்ஸ்காரம்மா: மூணாவதுக்கு, மாப்பிள்ள பேன்ட்டுக்கு மூணு காலு. நாலாவதுக்கு, அளவெடுக்கற டேப்பு முடியவே இல்லையாம். அஞ்சாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. அதுக்குக் கனவே வரல, அதனால பயமா இருக்குன்னு திருப்பிட்டாரு!

மகள்: அப்பா!

அப்பா: என்ன?

மகள்: ஒண்ணுமில்ல. ஆறாவது கல்லு விஷயத்த இவங்ககிட்ட சொல்லு.

அப்பா: சொல்றேன், சொல்றேன்... அதுக்கு முன்னாடி, ஏங்க, இந்த மஞ்சக் கல்லு இருக்கே, புஷ்பராகம்... இதுல நல்லது எது, மட்டம் எதுன்னு எம்பொண்ணுக்குக் கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன். தெரிஞ்சுக்கட்டும்.

மகள்: இப்பவா?

லென்ஸ்காரம்மா: எத்தன தடவ கேப்பீங்க! உங்களுக்கே இந்நேரம் தலைகீழா வருமே. சரி, இப்படி ஜன்னலோரமா வாங்க. கல்ல ட்யூப்லைட்டுல பாக்கக் கூடாது. வெள்ளக் காகிதத்துல கவுத்து வச்சு, பகல் வெளிச்சத்துல பாக்கணும். இது பாரு, எலுமிச்ச நிறம். இது வெண்ணெய். இது தேன். எது பிடிக்குது?

மகள்: தேன்.

லென்ஸ்காரம்மா: எல்லாரும் அதத்தான் கைகாட்டுவாங்க. ஆனா இது சூடு பண்ணி நிறம் ஏத்துனது. தப்பில்ல, சொல்லி வித்தா சரி. இந்த வெண்ணெய் நிறத்த கவனி... நடுவுல மட்டும் வெளுத்து, ஜன்னல் திறந்த மாதிரி காகிதம் தெரியுதா? கனம் குறையக் கூடாதுன்னு பட்டையச் சரியா தீட்டாம விட்டுட்டாங்க. இந்தா லென்ஸு. இந்த எலுமிச்ச நிறத்துக்குள்ள பாரு.

மகள்: ஏதோ கோடு கோடா... மெல்லிசா...

அப்பா: பட்டு! அதுக்குப் பேரு பட்டும்மா. கல்லுக்குள்ள நூலு ஓடுது பாரு. பூமிக்கடியில யாரோ உக்காந்து இழை இழையா தச்சு வச்ச மாதிரி. மொத தடவ இவங்க காட்டுனப்ப எனக்கு உடம்பு சிலுத்துடுச்சு.

லென்ஸ்காரம்மா: இருவத்தஞ்சு வருஷமா இத எல்லாருக்கும் காட்டறேன். எல்லாரும் குறைன்னாங்க. இவரு ஒருத்தருதான் தையல்னாரு.

மகள்: ம்ம்ம்...

அப்பா: என்ன ம்ம்ம்?

மகள்: சும்மா ஒரு ம்ம்ம். ஆன்ட்டி, இதப் போட்டுக்கிட்டா என்ன நடக்கும்னு சொல்வாங்க?

லென்ஸ்காரம்மா: ஆளுக்கொரு கதை. குடும்பம் தழைக்கும்பாங்க, நல்ல வார்த்தை வரும்பாங்க. பொய் சொல்றவங்க கையில இருந்தா கல்லு மங்கிடும்னும் ஒரு கதை உண்டு.

அப்பா: அது... நெசமா?

லென்ஸ்காரம்மா: கல்லுக்கு என்னங்க தெரியும்? அது எங்கயும் மங்காது. மனுஷன் முகம்தான் மங்கும். ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? அந்த ஃபேன போடும்மா.

அப்பா: ஒரு சந்தேகம். ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன்... யாராவது கல்லுன்னு கண்ணாடியக் கொண்டு வந்து குடுத்தா, உங்களுக்கு எவ்வளவு நேரத்துல தெரியும்?

லென்ஸ்காரம்மா: வாயால ஊதிப் பாத்தா தெரிஞ்சுடும். கல்லுல ஆவி சட்டுனு மறையும், கண்ணாடியில கொஞ்ச நேரம் நிக்கும். நல்ல கல்லு கன்னத்துல வச்சா ஜில்லுனு இருக்கும், கனமும் அதிகம். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். பொட்டலத்தப் பிரிக்காம கையில வாங்கினாலே போதும்.

அப்பா: பிரிக்காமயேவா...

மகள்: அப்பா, போதும். நீ சொல்றியா, நான் சொல்லவா?

அப்பா: நானே சொல்றேன். ஏங்க... இந்தாங்க. இது உங்க ஆறாவது கல்லு. அன்னைக்கு நான் உங்ககிட்ட குடுத்தது பொத்தான். கை தவறிப் போச்சு. மறுநாள் தெரிஞ்சுது. அன்னைக்கே ஓடி வந்திருக்கணும், காலு வரல. ஒரு நாள் தள்ளிப் போட்டேன், அது ரெண்டு நாளாச்சு, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றதுன்னு... தெருமுனை வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போயிருக்கேன். இத்தன வயசுக்கு ஒரு முழம் துணி அடுத்தவங்களுதுன்னு எடுத்ததில்லங்க நான். நீங்க என்னைத் திருடன்னு நெனைச்சிருப்பீங்களேன்னு நெனைச்சு நெனைச்சு எனக்குச் சோறு இறங்கல.

லென்ஸ்காரம்மா: மொதல்ல தண்ணி குடிங்க.

அப்பா: நம்புறீங்களா?

லென்ஸ்காரம்மா: நம்பறதுக்கு என்ன இருக்கு? பொட்டலத்த வாங்கும்போதே கனம் சொல்லிடுச்சு, உள்ள கல்லு இல்லன்னு. மடிப்ப லேசா விலக்கினா பின்னாடி காது வச்ச பொத்தானு. நீங்க அப்ப இதே நாற்காலியில உக்காந்து, கோட்டு மட்டும் ஆளில்லாம தெருவுல நடந்து போச்சுன்னு கனவு சொல்லிக்கிட்டிருந்தீங்க. பாதியில நிறுத்த மனசு வரல.

அப்பா: அப்பவே தெரியுமா! நாப்பத்திரெண்டு நாளா நான் செத்து செத்துப் பொழைக்கிறேன்...

மகள்: கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கறவங்க கண்ண நீ ஏமாத்திட்டேன்னு நெனைச்சே பாரு! ஆனா ஆன்ட்டி, நீங்க ஏன் கேக்கல? ஒரு போன் போட்டிருந்தா முடிஞ்சிருக்குமே.

லென்ஸ்காரம்மா: முடிஞ்சிருக்கும். அதான் கேக்கல.

மகள்: புரியல.

லென்ஸ்காரம்மா: கேட்டிருந்தா அன்னைக்கே ஓடி வந்து கல்லக் குடுப்பாரு, கூனிக் குறுகி நிப்பாரு, அப்புறம் இந்தத் தெருப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டாரு. கேக்காம விட்டா எப்படியும் அவராத்தான் ஒருநாள் வரணும். நாலு நாளுக்கு ஒரு தடவ வந்துக்கிட்டிருந்த மனுஷன் இத்தன நாள் எடுப்பாருன்னு நான் கண்டேனா? தெனம் மணி நாலடிச்சா பூனை போயி கதவாண்ட உக்காந்துக்கும்.

மகள்: பூனை.

லென்ஸ்காரம்மா: பூனைதான். நீ என்ன உங்கப்பாவுக்கு மேல குறுக்குக் கேள்வி கேக்கறே!

மகள்: சரி, நானும் ஒண்ணு சொல்லிடறேன். இவருக்குக் கனவே வராது ஆன்ட்டி. படுத்தா மரக்கட்டை. இடி விழுந்தாலும் எழுந்துக்க மாட்டாரு. ஒரு கல்லு கூட தலகாணிக்கு அடியில போகல, ஆறும் பொத்தான் டப்பாவுலதான் தூங்குச்சு. கனவெல்லாம் மெஷின் மிதிக்கும்போது உக்காந்து உக்காந்து ஜோடிச்சது. தனியா சிரிச்சுக்குவாரு, எனக்கு அப்ப ஏன்னு தெரியல.

அப்பா: ஏய்... மானத்த வாங்காதே.

மகள்: வாங்கறேன். அடுத்த மாசம் நான் போயிடுவேன். அம்மா போயி ஒன்பது வருஷம் ஆச்சு. நானும் போயிட்டா நீ யார்கிட்ட பேசுவே? மெஷின்கிட்டயா? அத நெனைச்சாலே எனக்கு கல்யாணம் வேண்டாம்னு தோணுது. முதல் கல்லுல என்ன குறைன்னு இவங்க முன்னாடியே சொல்லு பாக்கலாம்.

அப்பா: ...குறை ஒண்ணுமில்ல. முதல் கல்லே நல்லாத்தான் இருந்துச்சு.

லென்ஸ்காரம்மா: தையல்காரரே...

அப்பா: வாங்கிட்டா அதோட முடிஞ்சு போயிடுமேன்னுதான். இங்க வந்து உக்காந்து, நீங்க ஒவ்வொரு கல்லா எடுத்துக் காட்டிப் பேசும்போது... வீட்டுக்குக் கிளம்பவே மனசு வராதுங்க. அவ்வளவுதான். தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க.

மகள்: இப்பதான் முகத்துல வெளிச்சம் வருது. ஆன்ட்டி, நீங்க கல்யாணமே பண்ணிக்கலியாமே, ஏன்? கேக்கலாமா?

லென்ஸ்காரம்மா: கேட்டுட்டியே, இனிமே என்ன கேக்கலாமா! நாள் பூரா லென்ஸ வச்சுக் குறை தேடற பொழப்பு. வந்த மாப்பிள்ளைங்களையும் அதே கண்ணால பாத்துட்டேன். லென்ஸக் கழட்டறதுக்குள்ள வயசு போயிடுச்சு. பேச்ச விடு. எந்தக் கல்லு உனக்கு?

மகள்: அந்த ஆறாவதே குடுங்க. நாப்பத்திரெண்டு நாள் எங்க வீட்டுல பொத்தான்களோட பொத்தானா இருந்திருக்கு. அதுக்கப்புறமும் இப்படி மின்னுது. பட்டு கூட இருக்கா அதுல?

லென்ஸ்காரம்மா: ஓரமா மூணு இழை. மோதிரமாச் செஞ்சா உனக்கும் எனக்கும் உங்கப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

மகள்: முடிவாயிடுச்சு. இதுதான்.

அப்பா: ஆமா... முடிவாயிடுச்சு. பத்து நாள்ல மோதிரம் ஆயிடும், இல்லையா? வாங்க வர்றதுக்கு நீயே வந்துடலாம். அப்ப... நாங்க கிளம்பறோங்க.

மகள்: அப்பா!

அப்பா: அட, மறந்தே போனேன். அந்தப் பொத்தான மட்டும் குடுத்தீங்கன்னா நல்லது. பாவம், அந்த மனுஷன் இத்தன நாளா கோட்டுல ஊக்கு குத்திக்கிட்டு கதவு திறந்துவிடறாரு.

லென்ஸ்காரம்மா: பாத்தேன். வேற பொத்தான் வச்சுத் தச்சுக் குடுங்க.

அப்பா: அதே நிறத்துல எங்கயும் கிடைக்கலங்க. ஏன், தொலைஞ்சு போச்சா?

லென்ஸ்காரம்மா: தொலையல.

மகள்: பெட்டகத்துல பூட்டி வச்சிருக்கீங்களா?

லென்ஸ்காரம்மா: கடையில இல்ல. வீட்டுல இருக்கு.

அப்பா: வீட்டுலயா? வீட்டுல எங்க?

லென்ஸ்காரம்மா: கடை வழக்கம் ஊருக்கு மட்டுமா? தலகாணிக்கு அடியில வச்சேன், மூணு ராத்திரி பாப்போமேன்னு. நாப்பத்திரெண்டு ராத்திரி ஆச்சு தையல்காரரே... ஒரு கெட்ட கனவு கூட வரல. நான் அதத் திருப்பிக் குடுக்கறதா இல்ல.