ஒரே ரூமுல விழுந்த ஓட்டு

அட, ஓட்டெல்லாம் போலின்னு நீங்க சொல்லல மேடம், உங்க கம்ப்யூட்டர் சொல்லுது, எனக்குப் புரியுது. மொதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இங்க வாங்க. மெதுவாவே பேசலாம். உள்ள பாதிப் பேரு தூங்குறாங்க, மீதிப் பேரு தூங்குற மாதிரி நடிச்சுக்கிட்டு நம்மளத்தான் கவனிக்கிறாங்க.

டெக்னீஷியன் பொண்ணைப் பாக்கணுமா? அதோ, நீலச் சட்டை. புதுசா வந்த ஒருத்தரை டயாலிசிஸ் மெஷின்ல மாட்டிக்கிட்டிருக்கு, முடிச்சுட்டு வரும். ஓட்டெல்லாம் நிஜமான்னு பாக்க ஆள் வர்றாங்கன்னு கேட்டதுலேருந்து அதுக்குப் பச்சத்தண்ணி பல்லுல படல. அதான் நானே உங்களைப் பிடிச்சு உக்கார வெச்சுட்டேன். நானா? ஜன்னலோரக் கட்டில்ல இருக்காரே, அவரோட மருமகன். கூட்டிட்டு வர்றது, கூட்டிட்டுப் போறது, நடுவுல இங்க உக்காந்து கொட்டாவி விடுறது.

சரி, உங்க கம்ப்யூட்டர் என்ன சொல்லுது? இந்தப் பொண்ணு பண்ணின படகு விளையாட்டுக்கு விழுந்த ஓட்டுல முக்காவாசி ஒரே வைஃபைலேருந்து வந்திருக்கு. ஒரே சாயங்காலம், ஒண்ணு பின்னால ஒண்ணா. ஓட்டுப் போடற வாலட் கணக்கு எல்லாத்தையும் ஒரே ஆளு திறந்த மாதிரி வேற இருக்கு. ஆக, யாரோ ஒருத்தரே பல பேரா வேஷம் போட்டு ஓட்டுப் போட்டிருக்காங்க. அதானே? உங்க எடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பேன்.

விதியை நான் குத்தம் சொல்லவே மாட்டேன். நல்ல விதி. முன்னெல்லாம் காசு குடுத்து வாங்குற டோக்கன் யாரு கையில ஜாஸ்தியோ அவன் ஓட்டுக்குத்தான் எடை. பெரிய கை ஒண்ணு தூக்குனா முடிஞ்சுது கதை. பிளாக்செயின்ல கேம் பண்ற சின்ன ஆளுங்களைத் தூக்கிவிடத்தான் இந்தப் பொது நிதியே, ஓட்டு ஜாஸ்தி வாங்குற கேமுக்குப் பணம். அதுலயும் வல்லான் வகுத்ததே வாய்க்கால்னா சின்னவன் எங்க போறது? அதனால ஆளுக்கு ஒரு ஓட்டுன்னு மாத்தினீங்க. மாத்தினதும் நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா, ஒருத்தனே ஐம்பது வாலட் திறந்தான். அவனைப் பிடிக்க நீங்க ஒரு வலை போட்டீங்க. அந்த வலையில இந்த ரூமு மாட்டிக்கிச்சு.

ஒரே எடத்துலேருந்து ஏன் போட்டாங்கன்னா, வேற எங்க போவாங்க மேடம்? மெஷின்ல மாட்டினா நாலு மணி நேரம். ஒரு கையில ஊசி, அசைக்கக் கூடாது. இன்னொரு கையில ஃபோனு. இந்தச் சுவத்துக்குள்ள ஆஸ்பத்திரி வைஃபையத் தவிர ஒண்ணும் எடுக்காது. இவங்க ஆளுக்கொரு எடத்துலேருந்து ஓட்டுப் போட்டிருந்தாத்தான் நீங்க சந்தேகப்படணும்.

ஆமா, வாலட் திறந்து குடுத்தது அந்தப் பொண்ணுதான். அதை அது மறைக்கவே இல்லையே. ஒத்தைக் கையை வெச்சுக்கிட்டு அத்தனை விவரத்தையும் அடிச்சு எப்படித் திறப்பாங்க? ஆனா ஓட்டுப் போட்ட அன்னிக்கு ரூமுக்குள்ள காலே வெக்கல. வேற ஆளை ஷிஃப்டுக்கு நிக்க வெச்சுட்டு, வெளிய அந்த ஆடுற நாற்காலியில உக்காந்து நகத்தைக் கடிச்சுக்கிட்டிருந்துச்சு. உள்ள போகும்போது நானே பாத்தேன்.

எல்லாரும் படகுக்கே போட்டாங்கன்னு யாரு சொன்னது? மூலைக் கட்டில் லாரிக்காரரு துப்பாக்கி விளையாட்டுக்குப் போட்டாரு. ஒரு வாரம் அவரோட யாரும் பேசல. கேட்டா, படகுல சுடுறதுக்கு ஒண்ணுமே இல்லையேங்கறாரு. வாத்தியாரம்மா ஒருத்தங்க இருக்காங்க, போட்டிக்கு வந்த அத்தனை விளையாட்டையும் ஆடிப் பாத்து மார்க் போட்டுட்டுத்தான் ஓட்டே போட்டாங்க. படகுக்கும் மார்க் குறைச்சாங்க, துடுப்புச் சத்தம் சரியில்லையாம். போலி ஓட்டு இவ்ளோ அலம்பலா பண்ணும்?

நீங்க ஆடிப் பாத்தீங்களா? இல்லையா? நல்லா இருக்கு போங்க. சரி, சொல்றேன். ஒரு பெரிய படகு. கட்டிலுக்கு ஒரு துடுப்பு. கட்டைவிரல் ஒண்ணு அசைஞ்சாப் போதும். மெஷின்ல மாட்டினதும் படகு கெளம்பும், ஊசியக் கழட்டுற நேரத்துக்கு அக்கரை சேரும். ஒருத்தர் வரலைன்னா அவங்க துடுப்பு சும்மா கெடக்கும், மத்தவங்க சேத்துத் தள்ளணும். போன தூரம் அவங்கவங்க பேருல பிளாக்செயின்ல ஏறிடும், எந்தக் கொம்பனாலயும் அழிக்க முடியாது. நாளைக்கு ஊரு மாறி வேற ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தத் தூரத்தோட அங்க இருக்கற படகுல ஏறிக்கலாம். நிதி வந்தாத்தான் அங்கெல்லாம் படகு போகும். வரலைன்னா இங்க இருக்கறதும் நின்னுடும். இத்தனை நாளா செர்வர் வாடகையை அந்தப் பொண்ணு தன் சம்பளத்துலேருந்து கட்டுது. இந்த மாசத்துக்கு மேல முடியாதுன்னு சொல்லிடுச்சு, பாவம்.

நின்னா என்னவா? எங்க மாமனாரைக் கேளுங்க. டயாலிசிஸ்னு சொன்னாப் போதும், மனுஷனுக்கு ஆயிரம் சாக்கு. தலை சுத்துதும்பாரு, மழை வரும்பாரு. ஒரு தடவை பாத்ரூமுக்குள்ள போயித் தாப்பாப் போட்டுக்கிட்டாரு. நானும் என் வீட்டுக்காரியும் வெளிய நின்னு கெஞ்சுறோம், வாழ்ந்தது போதும்மா, விட்டுடுன்னு உள்ளேருந்து சொல்றாரு. அவ அன்னிக்குக் கதவைத் தட்டித் தட்டி அழுதா. இப்ப என்னடான்னா, நான் வண்டிச் சாவியத் தேடுறதுக்குள்ள செருப்பை மாட்டிக்கிட்டு ரெடியா நிக்கிறாரு. அவரு போகலைன்னா பக்கத்துக் கட்டில் தையக்கார அம்மா தனியாத் தள்ளணுமாம். பெத்த பொண்ணு அழுது வராத ஆளு மேடம். எனக்குக் கோவப்படறதா, அந்தப் பொண்ணு கால்ல விழறதான்னு தெரியல.

இதோ, வேலையை முடிச்சுட்டு அதுவே வருது. என்ன, நான் சொன்னதையும் அறிக்கையில சேக்கணுமா? தாராளமாச் சேருங்க. தொழிலா? நானும் கேம் பண்றவன்தான். நானும் என் தம்பியும், ரெண்டே பேரு. கழுதைப் பந்தயம்னு ஒண்ணு பண்ணியிருக்கோம். ஆமா, அதேதான். ரெண்டாவதா வந்தது நாங்கதான்.

தெரியும் மேடம், இந்த ஓட்டையெல்லாம் நீங்க தள்ளிட்டா நிதி எங்களுக்குத்தான் வரும். வாயை மூடிக்கிட்டுச் சும்மா இருந்தா என்னன்னு தம்பி காலையிலயே குதிச்சான். அவனுக்கென்ன தெரியும்? ஓட்டுப் போட்ட அன்னிக்கு மாமனாரு கையில ஃபோனைக் குடுத்ததே நான்தான். குடுக்கும்போது, மருமகனாச்சே, ஒரு ஆசைதான், கழுதைப் படத்தைத் திறந்து வெச்சுத்தான் குடுத்தேன். மனுஷன் என்னை ஏற எறங்கப் பாத்தாரு. கட்டைவிரலால கழுதையை ஓரமாத் தள்ளிவிட்டுட்டு, என் கண்ணு முன்னாலயே படகுக்குப் போட்டாரு. அதைப் போயி போலி ஓட்டுங்கறீங்களே மேடம்.