நான்காம் அறைக்குள் வைத்த அடுப்பு

என் பெயர் ஆக்ஸிலியா, வயது 38, கணவர் பெயர் செல்வின் (காலமானவர்), செண்பகனூரில் குடியிருக்கிறேன். கொடைக்கானலில் பிரசாந்த் என்பவர் நடத்தும் தங்கும் விடுதியில் ஆறு வருடமாக அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்து வருகிறேன்.

இம்மாதம் 13ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து கோகுல்ராஜ், அவர் மனைவி ரம்யா ஆகியோர் வந்து நான்காம் அறையில் தங்கினர். கல்யாணமாகி இருபது நாள் ஆகிறது என்று ரம்யா என்னிடம் சொன்னார். புயல் காரணமாக அன்று மற்ற பணியாளர்கள் வரவில்லை. மதியம் மூன்று மணிக்குக் காற்று மிகவும் பலமாகி, விடுதியை ஒட்டி நின்ற யூகலிப்டஸ் மரம் மின்கம்பியின் மேல் சாய்ந்து கரண்ட் போனது. அதன் கிளை அடித்து நான்காம் அறை ஜன்னலும் உடைந்தது. வேறு அறை கொடுக்கலாமா என்று முதலாளியைப் போனில் கேட்டதற்கு, மற்ற அறைகளுக்கு நாளை ஆள் வருகிறது, பலகை வைத்து அடி என்றார். அதன் பிறகு நான் பலகை வைத்து ஆணி அடித்தேன்.

மழை விட்டு வானம் வெளுத்ததும் குளிர் ஏறியது. ஆறு மணிக்கு ரம்யா வந்து, "அக்கா, கை காலெல்லாம் வெறைச்சுப் போச்சு. ஹீட்டர் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். ஜெனரேட்டர் மூன்று வாரமாகப் பழுது. அதன் பிறகு மறுபடியும் முதலாளிக்குப் போன் செய்தேன். "வெளிய கெடக்குற பார்பிக்யூ அடுப்புல கரியப் போட்டு உள்ள வை. காலி பண்ணிட்டுப் போயிறப் போறாங்க, வெரசா பண்ணு" என்றார். நான் கரியைக் கனிய விட்டு, புகை அடங்கிய பிறகுதான் உள்ளே கொண்டுபோய் வைத்தேன். புகை இல்லாவிட்டால் ஆபத்து இல்லை என்று நினைத்தேன். பலகை இடுக்குகளில் துணியைத் திணித்தேன். ரம்யா அடுப்பில் கையைக் காட்டிக்கொண்டு, "இப்பத்தான்க்கா உசுரு வந்துச்சு" என்றார். அதன் பிறகு வெளியே வந்து, காற்று புகாமல் இருக்கப் பழைய போர்வையைச் சுருட்டிக் கதவுக்கடியில் அடைத்துவிட்டுச் சமையலறையில் போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டீ கொண்டுபோனேன். புல்தரை முழுவதும் உறைபனி. படியிலும் உறைந்திருந்ததால் கால் வழுக்கியது. எவ்வளவு தட்டியும் கதவு திறக்கவில்லை. அதன் பிறகு பலகையைப் பிடுங்கிப் பார்த்தேன். இருவரும் கட்டிலில் கிடந்தனர். நான் ஜன்னல் வழியாக ஏறி உள்ளே போனேன். ரம்யாவின் முகம் சிவந்திருந்ததால் தூங்குகிறார் என்றே நினைத்துக் கன்னத்தைத் தட்டினேன். சில்லென்று இருந்தது. சாலையில் மரங்கள் விழுந்து கிடந்ததால் ஆம்புலன்ஸ் பத்து மணிக்குத்தான் வந்தது. கரியிலிருந்து வந்த விஷவாயுவால் இருவரும் இரவே இறந்துவிட்டதாக அதில் வந்தவர்கள் சொன்னார்கள்.

அதற்கு முன்பே முதலாளி நடந்தே வந்து அடுப்பை வெளியே தூக்கி வைத்தார். "நீயாத்தான் கொண்டுபோய் வச்சேன்னு போலீஸ்ல சொல்லிரு. புருசன் இல்லாத பொம்பள, பாவம்னு விட்டுருவாங்க" என்றார்.

அடுப்பை வைத்தது நான். வைக்கச் சொன்னது அவர். எங்கள் வீட்டிலும் பனிக்காலத்தில் கரியடுப்பு வைத்துத்தான் படுக்கிறோம். எங்கள் தகர வீட்டில் நூறு இடுக்கு. வந்தவர்களுக்குக் குளிரக் கூடாது என்று அந்த அறையில் நான் ஓர் இடுக்குகூட விடவில்லை.

மேலே சொன்னதெல்லாம் நடந்தது நடந்தபடி. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)
ஆக்ஸிலியா