ஆடாத மேசை

தீபாவளிக்கு முந்தைய நாள் மாலையில் திருப்பூர் எப்படி இருக்கும் என்பது திருப்பூரில் வேலை பார்க்கும் பெரும்பாலோருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவர்கள் மதுரைக்கோ தேனிக்கோ சிவகங்கைக்கோ பஸ்ஸில் நின்றுகொண்டே போய்க்கொண்டிருப்பார்கள். வடக்கத்தியர் அதற்கு நான்கு நாள் முன்பே ரயில் ஏறியிருப்பார்கள். பனியன் கம்பெனிகள் ஒரு வாரத்துக்குப் பூட்டியிருக்கும். தரை ஆடாது. மற்ற நாளில் ஆடுகிறது என்பதையே நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நான் வருடம் முழுக்க அந்த ஒரு வாரத்துக்காகத்தான் காத்திருப்பேன்.

என் பெயர் தரணீதரன். நெருப்பெரிச்சலில் உள்ள, பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் என் அப்பா அப்புசாமியுடையது. நான் வெளிநாட்டில் லேசர் படித்துவிட்டுத் திரும்பியபோது, கீழ்த்தளத்தில் நூல் மூட்டை போட்டிருந்த அறையைக் காலி செய்து கொடுத்தார். சொந்தக்காரர்களிடம் அதைக் கலர் லேப் என்று சொல்லிவைத்திருக்கிறார். அங்கே நான் செய்வது வேறு. சாய மூலக்கூறுகளின் மேல் மிகச் சிறிய ஒளித்துடிப்பு ஒன்றை விழவைத்தால், அடித்த மணியைப் போல அவை அதிரும். பின்னாலேயே இன்னொரு துடிப்பை அனுப்பி, அதிர்வு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பேன். ஒரு நொடியை லட்சம் கோடி பங்காக்கினால், அதில் சில பங்கு நேரத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் சாயம் எவ்வளவு நேரம் அதிர்கிறது, அதே சாயம் பருத்தி நூலில் ஏறிய பிறகு எவ்வளவு நேரம் அதிர்கிறது என்பதுதான் என் கேள்வி.

"அது ஆடறதப் பாத்தீன்னா சாயம் போகாம இருக்குமா கண்ணு?" என்று அப்பா ஒருமுறை கேட்டார்.

"போகும்ங்கப்பா."

"அப்பறம் எதுக்கு அதப் போயிப் பாத்துக்கிட்டு? ஆடீட்டுப் போகட்டும் உடு."

நல்ல மனிதர். அந்த வாரம் அம்மாவோடு கோவையில் அக்கா வீட்டில் இருந்தார். இதில் அவருக்குப் பங்கில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

மேலே நாற்பது மெஷின் ஓடும்போது என் வேலை நடக்காது. மேசையில் லேசரைத் திருப்பிவிடும் கண்ணாடி, தலைமுடியின் கனத்தில் நூற்றில் ஒரு பங்கு நகர்ந்தாலும் கணக்கு தப்பிவிடும். ஒருமுறை அளப்பது ஒரு ஸ்கேன்; அது போதாது. ஆயிரத்து இருநூறு ஸ்கேன் எடுத்துச் சராசரி பார்த்தால்தான் அதிர்வு தெளிவாகத் தெரியும். அதற்கு நான்கு நாள், இடைவிடாமல். மூன்று தீபாவளி முயன்று தோற்றிருந்தேன். மெஷின்கள் நின்ற பிறகும் மேசையில் ஏதோ ஒரு நடுக்கம் மிச்சமிருந்தது.

கந்தவேலண்ணா எங்கள் எலக்ட்ரீசியன். ஐம்பத்திரண்டு வயது, தாராபுரம் பக்கம். அவர் மகள் மைதிலிக்கு இது தலைதீபாவளி. தீபாவளிக்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, மூன்றாவது மாடி விளக்குகளை அணைத்துவிட்டுச் சரக்கு லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் போய்விட்டார் என்று நினைத்து நான் மெயினை இறக்கினேன். என் அறைக்குத் தனி லைன். லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் நின்றது. இதுவரை நடந்தது தற்செயல்.

அறைக்குத் திரும்பி, மேசையின் அதிர்வைக் காட்டும் திரையைப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. சுத்தமாக இல்லை.

லிஃப்டிலிருந்து கந்தவேலண்ணா கூப்பிடுவது கேட்டது. காரணம் புரியப் பத்து நிமிடம் ஆனது. கயிற்றில் தொங்கும் காலி லிஃப்ட் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும்; சுவர் வழியாக அது என் மேசைக்கு வரும். உள்ளே அறுபத்தெட்டுக் கிலோ நிற்கும்போது வருவதில்லை. கந்தவேலண்ணாவின் எடை அறுபத்தெட்டு.

மேலே போனேன். கதவின் மேல்பக்கம் ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தது.

"தம்பி, கரண்ட் போயிருச்சுங்களா?" என்றார்.

"கொஞ்ச நேரம் பொறுங்கண்ணா. ஒரு வேலை ஓடீட்டிருக்கு."

"செரிங்க. ஆறரை பஸ்ஸுக்குப் போனாப் போதுமுங்க. மாப்பள வந்து ஒக்காந்திருக்காருங்க. லிப்டுல மாட்டீட்டேன்னு சொன்னா மானம் போயிருமுங்க, நீங்களும் சொல்லீராதீங்க."

நான் சொல்லவில்லை. அவருடைய செல்போன் அடித்தால் ஸ்கேனில் தெரிந்தது. கேட்டேன், கொடுத்துவிட்டார். அதன் பிறகு அவர் மனைவி செல்லாத்தாளிடம் நான்தான் பேசினேன்.

"அவரு பொறப்பட்டுட்டாருங்களா?"

"முக்கியமான வேலையில இருக்காருங்க. முடிச்சதும் கார்ல அனுப்பிவெக்கறேனுங்க."

"மொதலாளி ஊட்டுல சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்," என்றார். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

ஆறரை பஸ் போன பிறகு அவர் கதவை உள்ளங்கையால் தட்டினார். அந்த ஸ்கேன் வீணானது. மேலே போய் விளக்கினேன். ஒளித்துடிப்பு, சாயம், பருத்தி, எல்லாவற்றையும். நன்றாகக் கேட்டுக்கொண்டார். அப்பாவைவிட அவருக்குச் சீக்கிரம் புரிந்தது.

"அப்ப நான் ஆடக்கூடாதுங்க," என்றார்.

"முடிஞ்சவரைக்கும்."

"மோட்டார் ரூம்ல சக்கரம் ஒண்ணு இருக்குதுங்க தம்பி. பிரேக்கத் தூக்கிப் புடிச்சுட்டுக் கையில மெதுவாச் சுத்துனீங்கன்னா நான் எறங்கிக்குவேனுங்க. உங்க மேசைக்கு ஒண்ணும் ஆவாதுங்க."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி, மேசைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அவர் இறங்கிவிட்டால் லிஃப்ட் காலியாகிவிடும்.

அவருக்குப் பதிலாக நூல் மூட்டை வைத்திருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். வைத்திருக்கலாம். அதற்கு அரைமணி நேரம் ஆகும். என் துறையில் அரைமணி என்பது மிக நீண்ட காலம்.

தீபாவளியன்று ஓட்டல்கள் இல்லை. தொழிலாளர்களுக்குக் கொடுத்தது போக மிச்சமிருந்த ஸ்வீட் பாக்ஸ்களைக் கொடுத்தேன். முதலில் முறுக்கு சாப்பிட்டார். கடிப்பது திரையில் அப்படியே வந்தது. அதற்குப் பிறகு லட்டு மட்டும் கொடுத்தேன்.

"எனக்குச் சுகருங்க தம்பி. ஊசி ஊட்டுல இருக்குதுங்க."

"ஒண்ணு மட்டும் சாப்புடுங்கண்ணா. நாள் கெழமை."

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தாகம் அதிகம் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். திங்கள் மாலைக்குள் ஐந்து லிட்டர் குடித்துவிட்டார். ஒவ்வொரு பாட்டிலும் எடையை மாற்றியது. அதனால் மணிக்கு ஒரு டம்ளர் என்று அளவு வைத்தேன். அடுத்த நாள் திரும்பவும் சக்கரத்தைப் பற்றிச் சொன்னார். கொஞ்சம் குழறலாகச் சொன்னார். மகளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்துகொள்வதாகவும் சொன்னார். வருவார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பஸ் நேரத்துக்கு வராது என்பதுதான் பிரச்சினை.

புதன்கிழமை காலை திரையில் ஒரு மெல்லிய அலை வந்தது. அவர் மூச்சு. வேகமாகவும் ஆழமாகவும் இருந்தது. மேலே போய், மெதுவாக விடச் சொன்னேன். "செரிங்க," என்றார். அவர் கடைசியாகப் பேசியது அது.

மருத்துவர் புதன் பிற்பகலுக்கும் வியாழன் காலைக்கும் இடையில் என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். என் பதிவு அதைவிடத் துல்லியம். புதன் பிற்பகல் மூன்று நாற்பதுக்கு அந்த அலை நின்றது. நான் போய்ப் பார்க்கவில்லை. எடை குறையுமோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன். குறையவில்லை. அதற்குப் பின் எடுத்த இருநூற்று நாற்பது ஸ்கேன்கள்தான் இருப்பதிலேயே சிறந்தவை.

வியாழன் காலை மைதிலி கணவரோடு வந்தார். அம்மாவைப் போலப் பேசவில்லை. "எங்கப்பன எங்கடா வெச்சிருக்கே?" என்று கேட்டுவிட்டு, என்னைத் தள்ளிவிட்டுப் போய் மெயினைப் போட்டார். லிஃப்ட் இறங்கியது. அறுபது ஸ்கேன் பாக்கி இருந்தது.

நொடியின் லட்சம் கோடிப் பங்கில், தண்ணீரில் ஒன்று புள்ளி நான்கு பங்கு நேரம், பருத்தியில் மூன்று புள்ளி ஒன்று. சாயம் பருத்தியில் அதிக நேரம் அதிர்கிறது. இதுவரை யாரும் அளந்ததில்லை. கட்டுரையில் கந்தவேலண்ணாவின் பெயரை நன்றி கூறும் இடத்தில் போடாமல், ஆசிரியர் வரிசையிலேயே சேர்த்திருக்கிறேன். அது நியாயம்.

நான் வேண்டுமென்றே கொன்றேனா என்பதுதான் உங்கள் கடைசிக் கேள்வி. அவரை உள்ளே வைத்திருந்தது நான்தான். தண்ணீரைக் குறைத்தது நான்தான். மூச்சு நின்றது தெரிந்தும் எழுந்திருக்காதது நான்தான். இவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் இரக்கமில்லாதவன் அல்ல. வெளியே விடுங்கள் என்று அவர் ஒரே ஒரு முறை வாய்விட்டுக் கேட்டிருந்தால் விட்டிருப்பேன். அவர் கேட்கவே இல்லை.