ரெண்டு புள்ளி

– கைய எடு ஜெயவேலு. என் போன நானே பாத்துக்கறேன். நீ அனுப்புனத உன் மூஞ்சிக்கு நேரா படிச்சுக் காட்டுறேன்.

– படி ஃப்ளோரன்ஸக்கா. விசாரணக்கி வந்த ஆபீசர் உள்ள கூப்புடறதுக்குள்ள படி.

– “டேங்க் 4: ஆக்ஸிஜன் 20.9%, விஷவாயு 0%. ரீடிங் எடுத்தாச்சு.” ஒம்போது நாப்பதுக்கு குரூப்புல போட்டிருக்க. பத்து மணிக்கு என் தம்பி அதே டேங்குக்குள்ள நொர தள்ளிக் கெடந்தான்.

– நோயல் இப்ப எப்டி கீறான்?

– மூணு நாளா வாயில டியூபு. ஆம்புலன்ஸு கொருக்குப்பேட்ட ரயில்வே கேட்டுல கால்மணி நேரம் நின்னுச்சு. அதுக்குள்ள மூளைக்கு என்ன ஆச்சோன்னு டாக்டருக்கே தெரியல. பேச்ச மாத்தாத. மீட்டர உள்ள எறக்கிப் பாத்தியா இல்லையா?

– பாத்தேன்னுதான போட்டுகீறேன்.

– அதத்தான் கேக்குறேன். சொல்லு. ரெண்டு கமா தட்டற ஷார்ட்கட்ட உன் போன்ல எதுக்குப் போட்டுக் குடுத்தேன்?

– தெரியாத மாதிரி கேக்கற பாரு. “20 9”னு புள்ளி இல்லாம போட்டதுக்கு எனக்கு மெமோ குடுத்தாங்கோ. ஒரு பர்சென்ட் போடணும்னா நம்பர் பக்கம் போவணும், அதுக்கடுத்த பக்கம் போவணும், திருப்பி தமிழுக்கு வரணும். கிளவுச கழட்டுனா கையெல்லாம் ஆயிலு. விரல் வழுக்கிகினு எங்கியோ போவுது. மெய்யாலுமே பேஜாரா பூட்ச்சு.

– அதுக்குத்தான் போட்டுக் குடுத்தேன். ரெண்டு கமா தட்டுனா மொத்த வரியும் வந்து உக்காரும். நம்பர் எடத்த மட்டும் காலியா வுட்டிருந்தேன். அதுக்குள்ள 20.9 எப்படி வந்துச்சு? சொல்லு.

– நான்தான் போட்டேன். செட்டிங்குக்குள்ள பூந்து.

– எப்பலேர்ந்து?

– ஆடிக்கு முன்னாலேர்ந்து.

– பாரு. நானே எண்ணிட்டு வந்திருக்கேன். நாப்பத்திமூணு மெசேஜு, நாப்பத்திமூணும் 20.9. மழ பெஞ்ச அன்னிக்கும் அதே, ஆயில் கழுவுன மறுநாளும் அதே. எண்ணூர் காத்து உனக்கு மட்டும் மாறவே மாறாதா?

– தோ பாருக்கா, மூணு டேங்க்குக்கு ஒரே மீட்டரு. அதுவும் ரெண்டு தபா ரிப்பேருக்குப் போய் வந்தது.

– ஒம்போது நாப்பதுக்கு நீ எங்க இருந்த?

– கேட்டாண்ட. டீக்கடைல.

– டீக்கடைல நின்னுகிட்டு ரெண்டு கமா தட்டுன.

– ஆமா.

– ஆமாவா? கூசாம சொல்ற பாரு! உள்ள போய் இத அப்படியே சொல்லப் போறேன். வேல மட்டும் இல்லடா, உன் கைக்கு வெலங்கும் வரும்.

– சொல்லுக்கா. நான் இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா கத ஒம்போது நாப்பதோட முடியல.

– மேடம், ஆபீசரு போன்ல பேசினுகீறாரு. வெச்சதும் மொதல்ல நீங்கோ, அப்பறம் ஜெயவேலு.

– சரி வேம்பண்ணே. இங்கயேதான் இருக்கோம்… என்னடா முடியல? சொல்லு.

– டீய குடிச்சுட்டேன், மனசு கேக்கல. மொத நாள் ராவெல்லாம் அந்த டேங்க மூடி வெச்சிருந்தாங்கன்னு கூட வேல செய்யற டில்லிபாபு சொன்னான். ஓடிப் போய் மேல ஏறி மீட்டர எறக்குனேன். ஆக்ஸிஜன் பதினாறுதான் காட்டுச்சு.

– பொய். பதினாறுன்னா குரூப்புல எங்க?

– கெட்ட ரீடிங்க குரூப்புல போடாத, பெரிய கம்பெனிக்காரன் பாக்கறான், தனியா எனக்கு அனுப்புன்னு யாரு சொன்னது?

– காண்ட்ராக்டர் சொல்லச் சொன்னான், சொன்னேன்.

– தனியாத்தான் அனுப்புனேன். ஆள எறக்க பர்மிட் குடுக்கறது நீதான?

– வரல.

– வந்துச்சு. பதிலும் போட்ட.

– நானா? காலைல ஒரு மணி நேரத்துல அறுபது மெசேஜு வருதுடா எனக்கு. யார் யாருக்கு என்ன போட்டேன்னு…

– அதான் உன் போன்லயும் ஒண்ணு வெச்சிகீற. ரெண்டு புள்ளி தட்டுனா ஒரு வரி வரும். எனக்கு சொல்லிக் குடுத்தப்ப உன்னுதத்தான காட்டுன?

– அது நல்ல ரீடிங்குக்கு மட்டும்தான்.

– தொற. குரூப்பு இல்ல. என் பேர தொட்டு தொற.

– மூணு நாளா உன் பேர தொடவே கூசுச்சு எனக்கு.

– இப்ப தொடுக்கா.

– “மீட்டர் பதினாறு காட்டுது க்கா ஆள எறக்காத”… ஒம்போது அம்பத்திரெண்டு.

– அதுல கமாவும் இல்ல, புள்ளியும் இல்ல. ஆயில் கையால ஒவ்வொரு எழுத்தா அடிச்சது. கீழ படி.

– “பார்த்தேன். ஆள் இறங்கலாம்.” அதே ஒம்போது அம்பத்திரெண்டு… மாதாவே! நான் பாக்கவே இல்லடா. மேல உன் பேரு வந்துச்சு, ரெண்டு புள்ளி தட்டிட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன்.

– தெரியும்.

– தெரியுமா? மூணு நாளா தெரிஞ்சே என்கிட்ட திட்டு வாங்கிட்டு நிக்கறியா?

– ஆஸ்பத்திரி வாசல்ல உங்கம்மா ஜெபமாலையோட குந்தினு இருந்துச்சு. அங்க வெச்சு எப்டி சொல்றது?

– மேடம், வாங்கோ. கூப்புடறாரு.

– இருண்ணே, ஒரு நிமிஷம்! டேய், பதினாறுன்னு உன் கண்ணால பாத்த இல்ல? நான் என்ன கண்றாவி போட்டிருந்தா என்ன? அவன குறுக்க நின்னு தடுத்திருக்கக் கூடாதா?

– தடுத்தேன்க்கா. மீட்டரு பொய் சொல்லுதோன்னு எனக்கே ஒரு டவுட்டு, அது என் தப்புதான். ஆனா நோயலு எறங்கறேன்னே சொல்லல. ஏணி மேல கால வெச்சிகினு நின்னான். “எங்கக்காவ கேளு, அது சொன்னாத்தான் எறங்குவேன்”னான்.

– நீ… என்ன பண்ண?

– உன் பதில தொறந்து போன அவங்கைலயே குடுத்தேன். படிச்சான். “எங்கக்காவே பாத்துட்டுச்சு, அப்பறம் இன்னாடா பயம்”னு சிரிச்சிகினே எறங்குனான்.