ஆறு ஐம்பதுக்கு வளையத்தில் கேட்டது

வளைய ஆன்டெனா கட்டுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஈரம். நான் சட்டத்தை நல்ல மரத்தில் செய்தேன், செம்புக் கம்பியைப் பார்த்துப் பார்த்துச் சுற்றினேன். அலைவரிசையைப் பொருத்தும் பாகத்துக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா போதும் என்று விட்டுவிட்டேன். சோம்பல்தான், வேறென்ன. இதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டாம் ஐயா, என் தம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் இருவருமே அமெச்சூர் வானொலிக்காரர்கள். நீண்ட அலையில் மோர்ஸ் குறியீட்டில் தட்டிப் பேசிக்கொள்வோம். அந்த அலையில் இரண்டு கட்சி உண்டு. அவன் கம்பக் கட்சி. செங்குத்தாக உயரமான ஒரு கம்பம், அதன் அடியில் மண்ணுக்குள் நாலாபக்கமும் ஓடும் கம்பிகள். எல்லாத் திசையிலிருந்தும் வருவதை அது அள்ளிக்கொள்ளும், குப்பையையும் சேர்த்து. நான் வளையக் கட்சி. வளையம் கொஞ்சமாகத்தான் கேட்கும். ஆனால் எந்தப் பக்கம் முகத்தைக் காட்டி நிற்கிறதோ அந்தப் பக்கத்து இரைச்சல் அதன் காதில் விழாது. எனக்கு அந்தக் குணம் பிடிக்கும்.

அவன் என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். அம்மா போனபிறகு அவனுக்குச் சோறு ஊட்டியது, தலை வாரிவிட்டது எல்லாம் நான்தான். அவன்மேல் எனக்கு உயிர். இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

வளையத்தை முதல்முறை எங்கள் வானொலி மன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று, இருபது பேர் முன்னால் கேட்டான்: "என்னண்ணா, இது ஆன்டெனாவா, இல்ல அண்ணி துணி காயப்போடற ஸ்டாண்டா?" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவன் மனசில் ஒன்றும் இல்லை, வாய்தான் நீளம். தெரிந்தும் எனக்கு ஆறவில்லை.

அவனுக்கு மலைமேல் மழை அளக்கும் நிலையத்தில் வேலை. அங்கே அவன் ஒருவன்தான், தொலைபேசி எடுக்காது. போன விடுமுறையில் வந்தவன் என் வீட்டுக் கொல்லையில் தானே குழி தோண்டி ஒரு கம்பம் நட்டான். "ரெண்டுலயும் ஒரு மாசம் என்னைக் கேளுண்ணா. எது ஜெயிக்குதோ அதை மன்றத்துல சொல்லிடலாம். நடுவுல நீ பதில் தட்டக்கூடாது, கேட்டு எழுதினா போதும்" என்றான். தினமும் மாலை ஐந்து மணிக்கு அனுப்புவான். பத்தொன்பது நாளில் வளையம் ஒருநாள்கூட முந்தவில்லை. நான் உள்ளது உள்ளபடிதான் எழுதினேன்.

இருபதாம் நாள் மழை கொட்டியது. டப்பாவுக்குள் தண்ணீர் புகுந்து வளையம் ஊமையாகிவிட்டது. ஐந்து பத்துக்குக் கம்பத்தில் அவன் வந்தான். 'சுவர் விழுந்தது. கால் சிக்கிவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. ஆள் அனுப்பு.' அத்தனை இடி இரைச்சலிலும் ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை.

சின்ன வயதிலிருந்தே அவன் முழங்கால் சிராய்ப்புக்கே ஊரைக் கூட்டுகிறவன். பதில் தட்டினால், எதில் கேட்டேன் என்று மன்றத்தில் சொல்ல வேண்டிவரும். கம்பம் காப்பாற்றியது என்று காலமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். வளையத்திலும் ஒருமுறை கேட்டுவிட்டு உங்களைக் கூப்பிடலாம், பத்து நிமிட வேலைதானே என்று நினைத்தேன். டப்பாவைக் கழற்றி ஹேர் டிரையரால் உலர்த்தினேன். ஓர் இணைப்பு விட்டிருந்தது, பற்றவைத்தேன். மறுபடியும் விட்டது. மனைவி எட்டிப் பார்த்து, "தம்பி இன்னிக்கு வந்தாரா?" என்று கேட்டாள். "இன்னும் இல்ல, மழைல்ல" என்றேன்.

ஆறு ஐம்பதுக்கு வளையத்தில் அவன் வந்தான். இரைச்சலே இல்லை, பக்கத்து அறையிலிருந்து தட்டுவதுபோல இருந்தது. செய்தி எதுவும் இல்லை. 'அண்ணா' என்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. இடைவெளி நீண்டுகொண்டே போனது. அப்போதுதான் உங்கள் அலுவலகத்துக்குச் சொன்னேன். ஆறு மணிவரை மலைக்குப் போகும் தரைப்பாலத்தில் வண்டி போயிருக்கும், அதன்பின்தான் வெள்ளம் மூடியது என்று உங்கள் ஆட்களே பிறகு பேசிக்கொண்டார்கள்.

சாவு வீட்டில் தம்பி மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்க வளையம் மட்டும் இல்லேன்னா அவர் அங்க கிடந்தது யாருக்கும் தெரிஞ்சிருக்காது மாமா" என்று அழுதாள். நானும் அழுதேன். பொய் அழுகை இல்லை ஐயா. கையை மட்டும் விடுவித்துக்கொள்ளவில்லை. மன்றத்தில் அன்று நான் எழுதிய பதிவுத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப்போகிறார்களாம். அதில் ஐந்து பத்து இல்லை. நான் எழுதவில்லை.

மலையிலிருந்து எடுத்துவந்த அவன் நோட்டை இப்போது என்முன் வைத்து, இது தம்பி கையெழுத்துதானா என்று கேட்கிறீர்கள். அவனுடையதுதான். ஐந்து பத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதியிருக்கிறான். கடைசி வரியை மூன்று முறை படித்துவிட்டேன். 'என் கம்பம் சரியில்லை போலிருக்கிறது. வளையம்தான் நல்லது என்று அண்ணன் சொன்னது சரி.'

நான் கேட்டேன், கேட்டும் சாகவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கடைசிப் பக்கத்துக்கு மட்டும் எனக்கு ஒரு நகல் கிடைக்குமா? மன்றத்தில் காட்ட வேண்டும்.