முதல் பாட்டு ஓடியபோது மேக்கப் அறையில் நடந்தது

என் பெயரும் தகப்பனார் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது முப்பத்து நான்கு. தொழில் டப்பிங், அதாவது திரையில் வாயசைப்பவர்களுக்குக் குரல் கொடுப்பது. தாடை உடைந்து கம்பி கட்டியிருப்பதால் என்னால் பேச முடியாது. அதிகாரி மருத்துவமனைக்கு வந்து கேட்ட கேள்விகளுக்கு நான் கையால் எழுதிக் கொடுத்த பதில்களே இந்த வாக்குமூலம். நான் முழு நினைவோடு இருக்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை. மிரட்ட வேண்டியதெல்லாம் முன்பே முடிந்துவிட்டது.

என்னை அடித்ததாக நடனக்காரர் ஒருவரைப் பிடித்து வைத்திருப்பதாக அதிகாரி சொன்னார். அவர் என்னை அடிக்கவில்லை. அடித்தது டிவி நடிகர். மாலைத் தொடரில் மூத்த மகனாக வருகிறவர், இப்போது ராப் பாடகர் என்றும் பெயர் எடுத்திருக்கிறார். எல்லோரும் அவரை ஹீரோ என்பதால் நானும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

ஹீரோவின் சொந்தக் குரல் மெலிந்தது, சற்று மூக்கால் வருவது. அதனால் தொடரின் முதல் நாளிலிருந்து அவருக்கு நான்தான் பேசுகிறேன். அவருக்காக இரண்டு பெண்களைக் காதலித்திருக்கிறேன், ஒரு விபத்தில் செத்துப் பிழைத்திருக்கிறேன். தொழிலில் உள்ளவர்களுக்கு இது தெரிந்ததுதான். அதன் பிறகு அவருக்கு ராப் பாட்டில் ஆசை வந்தது. நன்றாகவே எழுதுவார், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அவர் பாடிப் பதிவு செய்ததைக் கேட்ட அவருடைய அக்கா, அவருடைய வேலைகளை எல்லாம் பார்த்துக்கொள்பவர், "ஜனங்களுக்குப் பழகின குரல் இது இல்லடா, அண்ணனையே பாடச் சொல்லு" என்றார். நான் பாடினேன். பாட்டு எங்கேயோ போய்விட்டது. அன்றிலிருந்து பேட்டி கேட்டு வருகிறவர்களிடம் தொண்டைக்கு ஓய்வு என்று அக்கா சொல்லி அனுப்பிவிடுவார்.

மேடை நிகழ்ச்சிகளில் எங்கள் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். முதல் பாட்டுக்கு ஆறு பேர் ஒரே மாதிரி உடுப்பில், முகத்தில் கறுப்புத் துணி கட்டி ஆடுவார்கள். நடுவில் ஆடுவது ஹீரோ என்று கூட்டம் நினைக்கும். உண்மையில் அது நீங்கள் பிடித்து வைத்திருக்கும் நடனக்காரர். ஹீரோவுக்கு மூச்சு வாங்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பாட்டு முடிந்து விளக்கு அணைந்ததும் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள், விளக்கு எரியும்போது ஹீரோ துணியை அவிழ்ப்பார். பாட்டுகள் எல்லாம் ஏற்கெனவே பதிவு செய்தவை. நடுநடுவே கூட்டத்தோடு பேசுவது மட்டும் அப்போதைக்கப்போது. அதற்காக நான் மேக்கப் அறையில் ஒரு மைக்கோடு உட்கார்ந்து, மேடையைக் காட்டும் சின்ன டிவியைப் பார்த்துக்கொண்டே பேசுவேன். மைக்கை வாய் தெரியாமல் பிடிக்க அவருக்குப் பழக்கியது நான்தான்.

சம்பவத்தன்று நிகழ்ச்சி தொடங்கும் முன் ஹீரோவும் நானும் மட்டும் அந்த அறையில் இருந்தோம். ஒரு கம்பெனி என்னை என் பெயரிலேயே, என் முகத்தோடு பாடக் கூப்பிட்டிருந்தது. அதை மறைத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. "இன்னைக்குப் பேசிடறேன் தம்பி. இதோட முடிச்சுக்கலாம். என் பாட்டு வரப்போகுது" என்றேன். அவர் முதலில் சிரித்தார். "என்னை மாதிரி பாடறீங்கன்னு உங்களைத்தான்ணே கிண்டல் பண்ணுவாங்க" என்றார். பண்ணட்டும் என்றேன். அப்போது வெளியே முதல் பாட்டு தொடங்கி, என் குரல் சுவர் வழியாகக் கேட்டது. ஹீரோ எழுந்து கதவைத் தாழிட்டார்.

தொடரில் அவர் யாரை அடித்தாலும் கை படாது. அடிக்கும்போது அவர் விடும் உறுமலும் நான் கொடுப்பதே. அதனால் அவர் மைக் ஸ்டாண்டைத் தூக்கியபோது ஏதோ நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன், கையைக்கூட உயர்த்தவில்லை. ஸ்டாண்டின் அடியிலுள்ள வட்ட இரும்பு என் வாயில் விழுந்தது. முன்பற்கள் நாக்கில் கிடந்தன. அவர் உறுமவில்லை, கீச்சென்று கத்தினார். "இது என் குரல்டா. ஊரே என் குரல்னு சொல்லுது. நீ யாருடா?" என்றார். அதன் பிறகு தாடையில் அடித்தார், எலும்பு உடைந்த சத்தம் என் காதுக்கு உள்ளிருந்து கேட்டது. அதன் பிறகு நான் விழுந்தேன். அதன் பிறகு ஷூக்காலைத் தொண்டையில் வைத்து மிதித்தார், எடுத்தார், மறுபடி மிதித்தார்.

பாட்டு முடிந்தால் அவர் மேடைக்குப் போயாக வேண்டும். அதனால் என் பாட்டு எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன். கடைசிச் சரணத்தை இரண்டாம் தடவையும் பாடினால்தான் எடுபடும் என்று பதிவின்போது பிடிவாதம் பிடித்தவன் நான். அந்த இரண்டாம் தடவை முடியும்வரை அவர் கால் என் தொண்டையில் இருந்தது.

அதன் பிறகு அவர் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஓடினார். அதன் பிறகு அக்கா வந்தார். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார், ஆனால் டிவியில் தம்பி பேச்சுக்காகக் காத்து நிற்பதையும் பார்த்துவிட்டார். தரையில் உட்கார்ந்து, என் தலையை மடியில் எடுத்து வைத்து, மைக்கை என் வாயருகே பிடித்து, "ஒரே வார்த்தை அண்ணா. வணக்கம்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார். நான் வாயைத் திறந்தேன். ரத்தத்தோடு ஒரு சத்தம்தான் வந்தது. அது ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் போனது. கூட்டம் அதையும் நிகழ்ச்சியில் ஓர் அங்கம் என்று நினைத்துக் கைதட்டியது. அந்தக் கைதட்டலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதன் பிறகு அக்காவின் டிரைவர் என்னைப் பின்வழியாகக் கொண்டுவந்து, படியில் விழுந்துவிட்டதாகச் சொல்லி இங்கே சேர்த்தார்.

அன்று ஹீரோவே முதல் பாட்டுக்கு ஆடினார் என்று அக்கா சொல்வதாகவும், மற்ற ஐவரும் அதையே சொல்வதாகவும் அதிகாரி சொன்னார். ஐவருக்கும் வேலை கொடுப்பவர் அக்கா. நடுவில் ஆடியது தான்தான் என்று நடனக்காரர் சொல்வதை யாரும் நம்பவில்லையாம். கூட்டம் முழுக்க ஹீரோவின் குரலை மேடையில் கேட்டதாம். மேடையில் கேட்டது என் குரல்.

பாட்டு தொடங்கிய பிறகே அறை வாசலுக்கு வந்து நின்ற காவலாளி, உள்ளே கத்தியது ஹீரோ அல்ல, முன்பின் கேட்டிராத ஒருவன் என்றும், துணி கட்டிய ஆள் ஒருவன் வெளியே ஓடினான் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. தினமும் வீட்டில் அந்தத் தொடரைப் பார்க்கிறாராம். அவர் தெரிந்து வைத்திருக்கும் ஹீரோ குரல் தரையில் கிடந்தது.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். ஹீரோவைக் காவலாளி முன்னால் நிறுத்தி, அன்று என்னிடம் சொன்னதைச் சொல்லச் சொல்லுங்கள். தொண்டைக்கு ஓய்வு என்று அக்கா சொல்வார். கேட்காதீர்கள். அந்த நடனக்காரருக்குக் கைக்குழந்தை இருக்கிறது. எனக்குப் பேச்சு வரும், பழைய குரல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மேற்கண்டவை எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டப்பட்டன. அப்போது வார்டு டிவியில் அந்தத் தொடர் ஓடியது. ஹீரோ தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் யாரையும் கைநீட்டி அடிச்சதில்லம்மா" என்றார். அது போன மாதம் நான் பேசியது. அதிகாரி படிப்பதை நிறுத்திவிட்டு டிவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இதையும் சேர்த்துக்கொள்ளும்படி எழுதிக் காட்டினேன். எழுதியதில் கூட்டியதோ குறைத்ததோ இல்லை. வாயால் ஒப்புக்கொள்ள முடியாததால் தலையசைத்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)