குழாய் வளையும் இடம்

கூரை வாய்க்காலில் இலை விழுவதை யாராலும் தடுக்க முடியாது. தங்குவதைத்தான் தடுக்க முடியும். இந்த வித்தியாசம் பலருக்குப் பிடிபடுவதில்லை. உங்களுக்குப் பிடிபடும் என்று நினைக்கிறேன், ஐயா. எங்கள் வாசலுக்கு வந்ததும் நீங்கள் முதலில் மேலே பார்த்தீர்கள்.

நான் சொல்வது ஓட்டுக்கூரையின் கீழ் விளிம்பில் ஓடும் தகர வாய்க்காலை. ஓட்டில் வழிகிற மழையை வாங்கி, ஒரு மூலைக்குக் கொண்டுபோய், சுவரோரம் இறங்கும் குழாயில் விட்டுவிடுவது அதன் வேலை. கண்ணுக்கே தெரியாத சாய்வு போதும். சாய்வு கூடினால் தண்ணீர் அவசரப்பட்டு விளிம்பைத் தாண்டும். குறைந்தால் நின்று கொசு வளர்க்கும்.

எங்களுடையது ஒரே கூரைக்கு அடியில் இரண்டு வீடு. மாமனார் கட்டியது. ஒரு பாதியை மகனுக்கும் மறு பாதியை மகளுக்கும் எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மகள் என் மனைவி. மகன் என் மச்சான். நடுவில் சுவர் இருக்கிறது, ஆனால் வாய்க்கால் ஒன்றுதான், இறங்கும் குழாயும் ஒன்றுதான். குழாய் என் பக்கம். வாதுமை மரம் அவர் பக்கம். அவர் பக்கத்து இலை வந்து என் பக்கத்துக் குழாயை அடைக்கும். எங்கள் குடும்பக் கதையே அவ்வளவுதான்.

இலைக்கு வலை போடலாம். எல்லோரும் போடுகிறார்கள், ஆனால் தட்டையாகப் போடுகிறார்கள். அது இலைக்குப் பாய் விரித்துக் கொடுத்த மாதிரி. வாதுமை இலை உள்ளங்கையைவிடப் பெரியது. நனைந்தால் வலையோடு ஒட்டிக்கொண்டு மூடி போட்டுவிடும். அப்புறம் தண்ணீர் அதன்மேலேயே ஓடிச் சுவரை நனைக்கும், இல்லையென்றால் பின்வாங்கி உட்கூரைக்குள் போகும். வலையின் மேல் விளிம்பை ஓட்டுக்கு அடியில் செருகி, கூரையின் சாய்வையே அதற்கும் கொடுக்க வேண்டும். இலை வந்த வேகத்திலேயே வழுக்கிக் கீழே போய்விடும். மிச்சத்தைக் காற்று பெருக்கும். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள்.

என் பாதியில் அப்படித்தான் போட்டிருந்தேன். மச்சான் தன் பாதியில் தட்டையாகப் போட்டார், அதுவும் நடுவில் தொய்வாக.

"தொட்டில் கட்டியிருக்கீங்களே மச்சான், யாரைத் தூங்க வைக்க?" என்று கேட்டேன்.

"நீங்க விளக்கம் சொன்னாலே ஊரு தூங்கிடும் மாப்ளே, தொட்டில் வேறயா?" என்றார். "மரம் வச்சது எங்கப்பா. குறை இருந்தா அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

என் மனைவி சிரித்தாள். சத்தமாக இல்லை, கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

அன்று மாலை அவளுக்கும் வலையைப் பற்றி விளக்கினேன். சிரிக்கிறவர்களுக்கு விஷயம் தெரியாமல் இருக்கலாம் அல்லவா. பாதியில் எழுந்து போகப் பார்த்தாள், மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. எலும்பு அவ்வளவு மெல்லியது என்று எனக்கு எப்படித் தெரியும்? கட்டுப் போட்ட மருத்துவரிடம் குளியலறையில் வழுக்கிவிட்டதாக அவளேதான் சொன்னாள். நான் சொல்லச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். அதற்கு முன்னால் இடது காது. அது வேறு விஷயம், கதவை எப்படிச் சாத்துவது என்பது பற்றியது.

இப்படி ஏதாவது நடந்தால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள், ஓரிரு நாளில் திரும்பி வருவாள். இந்த முறை வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது எனக்குக் கேட்கும். நான் இருமினால் அங்கே பேச்சு நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஏணியையும் வாளியையும் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்தார். குழாய் அங்கேதானே இருக்கிறது. கையில் ஒரு தடிக்குச்சியும் இருந்தது. ஏணியைப் பிடிக்க நானேதான் போனேன். மேலே ஏறின பிறகு, முகத்தைக் காட்டாமல் பேசினார்.

"மாப்ளே, கோவப்படாம கேளுங்க. ரெண்டு பாதியையும் வித்துடலாம்னு இருக்கோம். நாளைக்கு ஆள் பாக்க வர்றாங்க. மேலே ஈரக்கறை தெரிஞ்சா விலை பேச முடியாது. அதான்."

"ரெண்டு பாதின்னா?"

"அவ பாதியும்தான். அவ கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே அவ உங்ககிட்ட வரமாட்டா. நான் கூட்டிக்கிட்டுப் போறேன். எந்த ஊருன்னு கேக்காதீங்க."

"கேக்கல," என்றேன்.

"சரி, கொஞ்சம் அழுத்திப் பிடிங்க. ஆடுது."

எனக்குக் கோபம் வரவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் அப்போது அவர் ஒரு காரியம் செய்தார். வாய்க்காலில் அள்ளிய ஊறிய இலையில் பாதியைத்தான் வாளியில் போட்டார். மீதியைக் குழாயின் வாயில் திணித்து, குச்சியால் குத்தினார். "உள்ள போயிடும். ஒரு மழை வந்தா அடிச்சிக்கிட்டுப் போயிடும்," என்றார்.

குழாய் நேராக இருக்கும்வரை இலை இறங்கும். சுவரை நோக்கி வளைகிற இடத்தில் திரும்பத் தெரியாமல் நின்றுவிடும். பின்னால் வருவது அதன்மேல் உட்காரும். குத்தக் குத்த இறுகும். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

ஏணியும் சாய்ந்து நிற்க வேண்டிய பொருள். நாலு அடி உயரத்துக்கு ஓரடியாவது காலைத் தள்ளி வைக்க வேண்டும். அவர் நெட்டுக்குத்தாக வைத்திருந்தார். அப்படி வைத்த ஏணி பின்னால் சாயத் தயாராகவே இருக்கும். கையை விட்டாலே போதும். நான் இழுத்தேன்.

கீழே சிமெண்டுத் தரை. இடுப்பு முதலில் பட்டது. கால் இரண்டும் அவருடையவை இல்லை என்பதுபோலக் கிடந்தன, ஆனால் நினைவு தப்பவில்லை. தங்கையைக் கூப்பிட வாயைத் திறந்தார். வாளி பக்கத்திலேயே கவிழ்ந்து இலையெல்லாம் கொட்டிக் கிடந்தது.

தொண்டையும் நேர்க்குழாய் இல்லை, ஐயா. நாக்குக்குப் பின்னால் வளைகிறது. சொல்லிப் புரியாததைச் செய்து காட்டலாம் என்று தோன்றியது. மார்பின்மேல் முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டேன். முதல் பிடி இலையைத் திணிக்கும்போது கடித்துவிட்டார், இந்த விரலில் இருக்கும் காயம் அதுதான். அதன்பிறகு குச்சியை எடுத்துக்கொண்டேன். அவர் சொன்ன மாதிரி உள்ளே போகவில்லை. நான் சொன்ன மாதிரி வளைவில் நின்றது. குத்தக் குத்த இறுகியது. அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒப்புக்கொண்டார் என்றுதான் சொல்வேன்.

நிமிர்ந்தபோது என் மனைவி வாசலில் நின்றாள். கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, "அண்ணே," என்றாள், ஒரே ஒரு தடவை. "கொஞ்சம் இரு, மேலே வேலை பாதியில நிக்குது," என்றேன். செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள்.

நான் ஏணியைச் சரியான சாய்வில் வைத்தேன். குழாயின் வளைவைக் கழற்றி, அடைப்பைக் கீழ்ப்பக்கமாக உருவினேன். அடைப்பை எடுக்கும் முறை அதுதான், மேலேயிருந்து குத்துவது இல்லை. பிறகு மச்சானின் பாதியிலும் வலையைச் சாய்த்துப் போட்டேன். நீங்கள் வந்து என்னை இறக்கியது அங்கிருந்துதான். வண்டியில் ஏற்றும்போது மழை பிடித்தது. சுவரில் ஒரு சொட்டு விழவில்லை. கவனித்தீர்களா?

அவள் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். ஏணி, இலை, குச்சி எல்லாம் சரி. எல்லாம் நான் செய்ததுதான், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு இடத்தில்தான் தப்பாகச் சொல்லியிருக்கிறாள், இத்தனை வருஷமும் நான் அவளை அடித்ததாக. பயத்தில் இருக்கிறாள், பாவம், அண்ணன் பேச்சு இன்னும் காதில் இருக்கும். அவளைக் கூப்பிட்டு இந்த அறையில் என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள், ஐயா. நான் பொறுமையாக எடுத்துச் சொன்னால் திருத்திச் சொல்லிவிடுவாள்.